மூத்தாளுக்குக் காவல்

பிடித்துக்கொண்டது. ஒரே திருகல், இருமல் இல்லை, விக்கல் இல்லை, சமர்த்தாகப் பிடித்துக்கொண்டது. நான்தான் சாவியிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அணைந்துவிடாது என்று தெரியும், நேற்று அணையவில்லை, முந்தாநாள் அணையவில்லை, இருந்தாலும் இன்றைக்கு அவர் வீடு திரும்புகிற நாள், இன்றைக்கென்று பார்த்து ஏதாவது ஆகிவிட்டால், சரி, எடுத்துவிட்டேன், அணையவில்லை. முன்னால் மூடிக்கு அடியில் அந்தப் பழைய குரல் குடுகுடுவென்று, உலை கொதிக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. இனி இந்தச் சூடு காட்டுகிற முள் நடுவுக்கு வரும்வரை நான் இறங்கக் கூடாது. மெக்கானிக் வகாப் பாய் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். தினம் காலையில ஸ்டார்ட் பண்ணி முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் ஓடவிடுங்கக்கா, ஓடுற வண்டில எலி குடியிருக்காது. கொட்டகைக் கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் புகையில் நானே எலியாட்டம் மல்லாந்து கிடப்பேன் என்று மகள் சுபாஷிணி போனில் பயமுறுத்திக்கொண்டே இருக்கிறாள். மூக்கை விடைத்து ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன். பெட்ரோல், பழைய ரெக்சின், எலிக்கு ஆகாதென்று நேற்றுத் தடவிய நீலகிரித் தைலம், கதவிடுக்கில் எங்கேயோ காய்ந்துபோன சம்பங்கி. அந்த எலி நாற்றம் இல்லை. அது இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும், இப்போதெல்லாம் தூக்கத்தில்கூடத் தெரிந்துவிடும், அடுப்பில் பால் தீய்வதற்கு முன்னால் தெரிகிற மாதிரி. அரிசி களைந்து வைத்திருக்கிறேன், உலை வைக்கவில்லை. மத்தியானத்துக்குள் வந்துவிடுவோம் என்றாள் சுபாஷிணி. திருச்சியிலிருந்து வாடகைக் காரில் வருகிறார்கள். அடுத்தவன் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறார், பாவம், டிரைவர் கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் முகம் சுளித்துக்கொண்டு வருவார். முள் அசையக்கூட இல்லை. இதை இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் நகராது, பால் மாதிரித்தான் இதுவும், பார்த்துக்கொண்டே இருந்தால் பொங்காது, திரும்பினால் பொங்கிவிடும்.

இந்தக் காரை நான் மூத்தாள் என்றுதான் சொல்வது. வாய்க்குள் சொன்னதில்லை, அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். எனக்கு முன்னாலேயே இந்த வீட்டுக்கு வந்துவிட்ட அம்பாசிடர் இது. அப்புறம்தான் நான் வந்தேன், வந்ததும் இதில்தான் வந்தேன். மணவறையிலிருந்து எழுந்து வந்த மாப்பிள்ளை, மாலையோடு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். என் அப்பா ஓடி வந்து, மாப்ளே, இன்னைக்கு ஒருநாளாவது வேற ஆளு ஓட்டட்டுமே என்று கெஞ்சினார். இவளை வேற ஆளு கையில குடுத்துப் பழக்கமில்லீங்க மாமா என்று அவர் சொன்னதும் என் பக்கத்துச் சனம் அத்தனையும் என்னைத் திரும்பிப் பார்த்தது, இவள் என்று அவர் சொன்னது காரை என்று ஒருத்தருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை, நான் வெட்கப்பட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். எத்தனை நாள் அந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு சந்தோஷமாயிருந்தேன்! இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, ஸ்டீரிங்கில் கையை வைத்துக்கொண்டு தனியாகச் சிரிக்கிறேன், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், பார்க்கட்டும். சுற்றுப்பட்ட ஊர்களில் பாதிப் பெண்கள் புகுந்த வீட்டுக்குப் போனது இந்தப் பின்சீட்டில்தான். அழுதுகொண்டு ஏறும் பெண் இருக்கும், சிரித்துக்கொண்டு ஏறும் பெண் இருக்கும், ஒருத்தி ஏறின கையோடு பசிக்கிறது என்றாளாம், அவர் மாப்பிள்ளையைக் கேட்காமலே சாலையோரம் வண்டியை நிறுத்தி நுங்கு வாங்கிக் கொடுத்தாராம். கார்க்காரர் குஞ்சிதபாதம் என்றால் அப்படி ஒரு பெயர். எனக்கு மட்டும் வீட்டில் அந்தப் பெயர் செல்லாது. மாதம் தவறினாலும் இதற்கு ஆயில் மாற்றுவது தவறாது. தீபாவளிக்கு முதல் எண்ணெய் யாருக்கு? இதன் கதவுக் கீலுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஸ்டீரிங்கைத் தொட விட்டதில்லை, தொடணும் என்று நானும் கேட்டதில்லை, கேட்டால் கொடுத்திருப்பாரோ என்னவோ.

முள் கொஞ்சம் தலை தூக்கியிருக்கிறது. இல்லை, வெயில் கண்ணாடியில் பட்டு அப்படித் தெரிகிறது. கார்த்திகை மழையில் இது போல வெயிலே இல்லை. அப்போதுதான் அவர் ஒரு மண்டப வாசலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இறக்கிவிட்டு, மழை நனைத்த வழவழத் தரையில் ஒரு எட்டு வைத்தார், அவ்வளவுதான். காரின் கதவைப் பிடித்துக்கொண்டே விழுந்தாராம். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது இடுப்பு முறிந்துவிட்டது. பெண்ணின் அண்ணன்காரன் காரைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டுவிட்டுச் சாவியை என் கையில் வைத்தபோது அந்தச் சாவி ஈரமாக இருந்தது, மழை ஈரமா அவன் கை ஈரமா தெரியவில்லை, எனக்கு அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது, அதுவரைக்கும் வரவில்லை. திருச்சியில் தகடு வைத்துத் தைத்தார்கள். ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன், அப்புறம் சுபாஷிணி வீட்டில் கொஞ்ச நாள், ஆனால் இங்கே சினைமாட்டை அடுத்த வீட்டு ரோசலின் எத்தனை நாளைக்குத்தான் பார்ப்பாள், திரும்பி வந்துவிட்டேன். அங்கே படுக்கையில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சுவரில் ஒன்றும் இல்லை, வெள்ளைச் சுவர். சாப்பிடுங்க என்றால் ம். வலிக்குதா என்றால் ம்ஹூம். பேத்தி வந்து ஏறி விளையாடினாலும் ம். மனிதருக்குள் யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் போன மாதிரி. இப்படியே போய்விடுவாரோ என்று, நான் அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தேன், நினைக்கக் கூடாது நினைக்கக் கூடாது என்றே ராவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்து போன் பண்ணினால் அதே ம். ஒரு நாள் நான் போனை வைக்கப் போகிற சமயம் அவராக வாயைத் திறந்தார். வண்டி? என்றார். வண்டி எப்படி இருக்கு. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. மாடு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. மாடாவது பரவாயில்லை, நான்? தனியாகக் கிடக்கிறேனே, மழையில் கூரை ஒழுகுகிறதே, நான் எப்படி இருக்கிறேன்? வண்டி எப்படி இருக்கு. அதையே வாயில் போட்டு நாள் பூராவும் மென்றுகொண்டிருந்தேன், பாத்திரம் தேய்க்கும்போது வண்டி, சாணி அள்ளும்போது எப்படி இருக்கு. மறுநாள் அடுத்த படி. ஸ்டார்ட் பண்ணு தையலு, சத்தம் கேக்கணும் என்றார். நானா என்றேன். நீதான் என்றார். எந்தக் குமிழை இழுக்கணும், சாவியை எந்தப் பக்கம் திருப்பணும், கியர் எங்கே நிற்கணும், ஒவ்வொன்றாகச் சொன்னார், வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியிருப்பாரா என்பது சந்தேகம். பிடித்ததும் பயத்தில் போனைக் கீழே போட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் தினமும் அதுதான் எங்கள் பேச்சு. நான் போனைக் காட்டுவேன், இது உறுமும், அவர் கேட்பார், சரி என்று வைத்துவிடுவார். எனக்குக் கோபம்தான். ஆனால் அந்தச் சரி நாளுக்கு நாள் கொஞ்சம் தெளிவாக வந்தது, அதையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

தை அறுப்பு முடிந்து வயலெல்லாம் மொட்டையானதும் எலிகளுக்கு வீடு வாசல் இல்லாமல் போய்விட்டது. நேராக வரப்பேறி எங்கள் கொட்டகைக்கு வந்துவிட்டன. எனக்கு அது தெரியாது. ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் டொக் என்றது, அவ்வளவுதான். மறுபடி டொக். மூடியைத் தூக்கிப் பார்த்தால் வயரெல்லாம் தோல் உரிந்து செம்பு தெரிகிறது, ஏதோ புடலங்காய் சீவின மாதிரி சீவி வைத்திருக்கின்றன. பின்சீட்டில் ஒரு மூலையில் பஞ்சு வெளியே தொங்குகிறது. ஐயோ, கெடுத்தேனே. வகாப் பாய் நாகூருக்குப் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார். திருச்சியிலிருந்து இவர் போன் பண்ணுகிற நேரம் வந்துவிட்டது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன் இந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறார், இன்றைக்குச் சத்தம் இல்லை என்றால்? ரோசலின் வீட்டு வாசலில் அவர்கள் டிராக்டர் நின்றது. ரோசலினு, அதைக் கொஞ்சம் ஓடவிடு, ஏன் எதுக்குன்னு கேக்காதே என்றேன். அவளும் கேட்காமல் ஏறி உட்கார்ந்து ஓடவிட்டாள். போனை அதன் மூக்குக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. அவர் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம், தையலு, என்றார். என்னங்க, என்றேன். நம்ம வண்டி எப்ப டீசலுக்கு மாறிச்சு, என்றார். அந்தப் பக்கம் ஏதோ ஒரு சத்தம், அழுகிறாரோ என்று பயந்துபோய்க் காதில் வைத்தேன், சிரிக்கிறார்! அடக்க முடியாமல், மூச்சு வாங்கி, இருமி, திரும்பவும் சிரித்து. சுபாஷிணி பதறி அடித்துக்கொண்டு ஓடி வந்து போனைப் பிடுங்கி, அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு, என்ன சொன்னே அப்பாகிட்டே என்கிறாள். நான் தெருவில் நின்றுகொண்டு சிரிக்கிறேன், ரோசலின் டிராக்டர் மேலேயிருந்து என்னைப் பார்த்து என்னவென்று தெரியாமலே சிரிக்கிறாள். இப்போதும் சிரிக்கிறேன். எலி கடித்தது நல்லதாப் போச்சு என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? ஆனால் கடித்திராவிட்டால்?

அன்றிலிருந்து போனில் வேறு ஆள். எலி எங்கேருந்து வருது பாரு, தரையில் புழுக்கை எந்தப் பக்கம் கிடக்குது பாரு, மூடிக்குள்ளே செல்லை நீட்டிக் காட்டு, இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே, உன் மூக்கைக் காட்டாதே வயரைக் காட்டு. வகாப் பாய் வந்து வயரெல்லாம் மாற்றி, சீட்டைத் தைத்துக் கொடுத்தார். அதை அப்படியே காப்பாற்றுவதுதான் என் பாடு. விஷம் மட்டும் வேண்டாம் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டோம், உள்ளே எங்கேயாவது போய்ச் செத்துக் கிடந்தால் பொண்ணு மாப்பிள்ளை ஏறுகிற வண்டியில் அந்த நாற்றம் ஏழு ஜென்மத்துக்கும் போகாது. ரோசலின் சொன்னாளென்று புகையிலை வைத்தேன், மறுநாள் புகையிலையைக் காணோம், வெற்றிலை பாக்கும் சேர்த்து வைத்திருக்கலாம் என்றாள். அந்துருண்டை வைத்தேன், எனக்குத்தான் தலைவலி, அதுகள் ராத்திரி பூரா கொட்டகை முழுக்க உருட்டி விளையாடியிருக்கின்றன. ரோசலின் வீட்டுப் பூனையைக் கொண்டுவந்து விட்டோம், அது எஞ்சின் சூடு இருக்கிற மூடி மேல் ஏறிப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது, அதையும் செல்லில் காட்டினேன், அவர் பெயின்ட் பெயின்ட் என்று கத்தினார். பொறி வைத்தேன், தேங்காய்ச் சில்லைத் தீயில் வாட்டி, மணம் வீட்டுக்கே வந்தது, விழுந்தது ஒரு மூஞ்சூறு. பிள்ளையார் வாகனத்துக்கு நம்ம வாகனத்தில் என்ன வேலை என்றார். எல்லாம் முடிந்து, ஒருநாள் தவிட்டு மூட்டையிலிருந்து மாட்டுக்கு அள்ளும்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. மூட்டை எங்கே இருக்கிறது? கொட்டகையில். காருக்குப் பக்கத்தில். விருந்தை நானே போட்டுவிட்டு விருந்தாளியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தவிட்டையும் பிண்ணாக்கையும் அன்றைக்கே தூக்கி வீட்டுக்குள் தகரப் பீப்பாயில் போட்டு மூடினேன். சுவரோரப் பொந்துகளைச் சிமெண்டு வைத்துப் பூசினேன். காருக்கு அடியில் படுத்து, இந்த வயதில், புடவையைச் செருகிக்கொண்டு, எங்கெங்கே என் சுண்டுவிரல் நுழைகிறதோ அங்கெல்லாம் கோழிவலையை மடித்துத் திணித்தேன். அடியிலிருந்து பார்த்தால் இது வேறு மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷ மினுக்கலுக்கு அடியில் மண்ணும் எண்ணெயும் தழும்புமாக, பாவமாக இருக்கிறது. ஓடி ஓடி உழைத்த வயிறு. ராத்திரி மூடியைத் திறந்து வைத்து உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டேன், வெளிச்சத்தில் எலி பிள்ளை பெறாது என்று பாய் சொன்னார். அதற்கு முன்னாலேயே ஒன்று பெற்றுவிட்டிருந்தது. பேட்டரிக்குப் பின்னால் கூடு. வைக்கோல், சீட்டுப் பஞ்சு, அதைச் சுற்றி ஜிகினா ரிப்பன், கல்யாணத்துக்குக் காரில் கட்டுகிற தங்கக் கலர் ரிப்பன், பின்னால் டிக்கியில் சுற்றி வைத்திருந்ததை இழுத்துக்கொண்டு வந்து அழகாக வளையம் வளையமாக வைத்திருக்கிறது. நடுவில் தோலுரித்த வேர்க்கடலை மாதிரிக் குஞ்சுகள், கண் திறக்கவில்லை. தாய் ஒரு கம்பி மேல் நின்று என்னைப் பார்த்தது. ஓடவில்லை. மீசை மட்டும் துடிக்கிறது. கையில் விளக்குமாறு வைத்திருந்தேன். நானும் அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. அப்புறம் முறத்தை எடுத்துவந்து கூட்டோடு அப்படியே வழித்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பழைய வைக்கோல் போரடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். தாய் பின்னாலேயே வந்ததா, தெரியாது, வந்திருக்கும். அன்றைக்குப் போனில் எல்லாம் சொன்னேன். ரிப்பனையுமா குடுத்தே என்றார். பிரிச்செடுத்தா குளிரும்ல என்றேன். கேலி பண்ணப் போகிறார் என்று காத்திருந்தேன். தையலு, சாப்பிட்டியா, என்றார். கேட்டார். வண்டி இல்லை, மாடு இல்லை. சாப்பிட்டியா. சாப்பிட்டேன் என்றேன், சாப்பிட்டிருக்கவில்லை, போனை வைத்துவிட்டு உட்கார்ந்து பழையதைப் பிழிந்து போட்டுக்கொண்டு மாவடுவைக் கடித்துக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டேன், அப்படி ஒரு பசி.

முள் நகர்ந்துவிட்டது, இப்போது நிஜமாகவே நகர்ந்துவிட்டது, நடுவுக்கு இன்னும் ஒரு விரல்கடை இருக்கிறது. இது வந்ததும் அணைத்துவிட்டு இறங்கி உலை வைக்கவேண்டும், கத்தரிக்காய் அரிந்து வைத்தது கறுத்துப்போயிருக்கும். சாப்பிட்டு எழுந்ததும் அந்தப் பேச்சை எடுப்பார். எடுக்காமல் விடமாட்டார். போன வாரம்தான் டாக்டர் சொல்லிவிட்டார், எலும்பு சேர்ந்துவிட்டது, கம்பு ஊன்றி நடக்கலாம், ஆனால் இடதுகாலை ஊன்றி அழுத்துகிற வேலை இனி ஆகாது என்று. அதைச் சொன்ன அன்றைக்கே எங்கிருந்தோ ஒரு பேச்சு வந்தது. நெடுஞ்சாலையில் புதிதாக ஓட்டல் கட்டுகிறவர் பழைய கார் ஒன்று தேடுகிறாராம். ஓட்டுவதற்கு இல்லை. வாசலில் நிறுத்தி வைக்க, மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே பூச்செடி வைக்க, சாப்பிட வருகிறவர்கள் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள. குடுத்துடலாமா தையலு, சும்மா நின்னா எலிதானே திங்கும் என்றார். குரல் மறுபடி அந்த வெள்ளைச் சுவரிலிருந்து வந்தது. பால் பொங்குதுங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. நாளைக்கு அந்த ஓட்டல்காரர் பார்க்க வருகிறாராம். நான் சந்தோஷப்பட வேண்டியவள்தானே? மூத்தாள் போகிறாள், வீடு எனக்கு. கொட்டகையில் இன்னொரு மாடு கட்டலாம். இத்தனை வருஷமாக எதற்குப் பல்லைக் கடித்தேன்? ஆனால் கண்ணை மூடினால் அந்த ஓட்டல் வாசல் வருகிறது, மூடி இல்லாமல், எஞ்சின் இருந்த இடத்தில் மண்ணைக் கொட்டி, குரோட்டன்ஸ் நட்டு, யாரோ ஒரு பையன் குழாய் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறான். இவளுடைய அடிவயிறு வரைக்கும் தெரிந்தவள் நான். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே? சொன்னால், யார் ஓட்டுவா என்று கேட்பார். யார் ஓட்டுவா. யாராவது ஒரு டிரைவரை வைத்தால் அவர் மனசு என்ன ஆகும், இவளை வேறு ஆள் கையில் கொடுத்துப் பழக்கமில்லை. யார் ஓட்டுவா. இதிலேயே சுற்றிச் சுற்றி வருகிறேன், செக்கு மாடாட்டம், யார் ஓட்டுவா, முள் பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது, யார், வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம். அம்மா, என்று சுபாஷிணியின் குரல். அதற்குள்ளாகவா! இன்னும் உலை வைக்கவில்லையே, தலை வாரவில்லையே, ஆரத்தி கரைத்து வைக்கவில்லையே!

இறங்குவதற்குள் கொட்டகை வாசலில் நிற்கிறார். வீட்டுக்குள் போகவில்லை, சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டார். கையில் கம்பு. சட்டை தோளில் தொங்குகிறது, இவ்வளவு இளைப்பாரா ஒரு மனிதர், தாடியைச் சிரைத்துக்கொண்டு வந்திருக்கிறார், கன்னத்தில் ஒரு கீறல். அவர் என்னைப் பார்க்கிறார், நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், பிடிபட்டவள் மாதிரிக் கதவைத் திறந்து காலைக் கீழே வைக்கிறேன். உக்காரு, முள்ளு வரலைல்ல, என்றார். மூடி மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாக, கம்பு, கால், கம்பு, கால், அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, முதலில் உட்கார்ந்து, அப்புறம் அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். வேர்த்துவிட்டது அவருக்கு. என் பக்கத்தில். ஒரே நீளச் சீட்டு. நீலகிரித் தைல வாசனையா இது என்றார். ஆமாங்க. ம், என்றார், ஆனால் இது அந்தப் பழைய ம் இல்லை. அவர் எஞ்சினைக் கேட்கிறார், நான் அவரைக் கேட்கிறேன், மூச்சு வாங்குவதை. எனக்கு வேண்டியது இவ்வளவுதான், இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், ஆள் வந்துவிட்டார் என்று தோன்றுகிற அதே நேரத்தில் வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது. ஓட்டலுக்கெல்லாம் வேணாங்க.

யாரு ஓட்டுவா, என்றார், நான் நினைத்த அதே வார்த்தை, நேரே முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. உங்க வலது கால் நல்லாத்தானே இருக்கு என்றேன். கிளட்சுக்கு இடது காலுல்ல வேணும் தையலு. என்னோட இடதுகால் நல்லாத்தாங்க இருக்கு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் கீழே என் காலைப் பார்த்தார், செருப்பில்லாத கால், சாணி காய்ந்த விரல், கால் மெட்டி, அதை ஏதோ புதுசாக வாங்கின பொருள் மாதிரிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். இழுக்காதே, அதுல வை, என்றார். எதுல? இடது ஓரம் இருக்கிறதுல. அமுக்கு. இன்னும். தரையோட. அமுக்கினேன். ஸ்டீரிங்குக்கு அடியில் என் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற கியர்த் தண்டை அங்கிருந்தே கையை நீட்டிப் பிடித்தார். எத்தனை ஆயிரம் தடவை பிடித்த கை. ஏதோ ஒரு இடத்தில் டக் என்று உட்கார்ந்தது, உள்ளே ஒரு உயிர் புரண்டு படுத்த மாதிரி. இப்ப மெதுவா காலை எடு. எடுத்தேன். ஒரே குதி! மூத்தாள் முட்டவந்த மாடு மாதிரி எம்பிப் பாய்ந்து கொட்டகை வாசலில் நின்று செத்துப்போனாள். கோழிகள் கத்திக்கொண்டு பறக்கின்றன. அப்பா! அம்மா! என்ன பண்றீங்க ரெண்டு பேரும், என்று பையும் கையுமாகச் சுபாஷிணி ஓடி வருகிறாள். இடிச்சிட்டேனா, உங்களுக்கு வலிக்குதா, இடுப்புல, ஐயோ, என்கிறேன். அவருக்குச் சிரிப்பு, அந்த டிராக்டர் நாள் சிரிப்பு, இப்போது போனில் இல்லை, பக்கத்தில், சீட்டே ஆடுகிறது. மறுபடி போடு என்கிறார். அப்பா, டாக்டர் என்ன சொன்னாரு, என்கிறாள் அவள். டாக்டரு என் காலைத்தானே சொன்னாரு, இது உங்கம்மா கால், நீ தள்ளி நில்லு. மறுபடி காலை அமுக்கிக்கொண்டு சாவி. மறுபடி பிடித்துக்கொண்டது. படக்குனு எடுக்காதே தையலு. தூங்குற புள்ளைக்கு அடியிலேருந்து கையை உருவுவியே, சுபாவைத் தூங்க வச்சிட்டு, அப்படி எடு. அப்படியா? அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா, அது எனக்குத் தெரியுமே. உருவினேன், கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் முழித்துக்கொள்ளாமல். நகர்கிறது. வாசல் நகர்ந்து வருகிறது, கூரை பின்னால் போகிறது, வெயில் மடி மேல் வந்து விழுகிறது, நாங்கள் வெளியே வந்துவிட்டோம். முள்ளைப் பார்க்க மறந்துபோனேன். ஸ்டீரிங்கைக் கெட்டியாகப் பிடிக்காதே, அது எங்கேயும் ஓடிப்போவாது. அவருடைய வலது கை கியரில் இருக்கிறது, என் இரண்டு கையும் வட்டத்தில் இருக்கிறது, என் கால் கீழே எங்கேயோ யாருடைய கால் போலவோ இருக்கிறது. காலை அமுக்கு என்றார், அமுக்கினேன், அவர் கை கீழே போனது, இன்னொரு டக், காலை உருவு என்றார், உருவினேன், மூத்தாள் தொண்டையைச் செருமிக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். தெரு வந்துவிட்டது. ரோசலின் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியை அப்படியே பிடித்தபடி நிற்கிறாள், தண்ணீர் அவள் கால் மேலேயே ஊற்றுகிறது. நாளைக்கு அந்த ஓட்டல்காரருக்கு வர வேண்டாம்னு சொல்லிடணும் என்கிறார், யாரிடம் சொல்கிறார், எனக்குக் காதில் விழவில்லை, விழுந்தது. இரண்டு பக்கமும் அறுத்த வயல், தாள் மேல் வெயில், தூரத்தில் வாய்க்கால் திருப்பம் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறது, நாங்கள் போகிறோமா அது வருகிறதா, வாயெல்லாம் சிரிப்பாக இருக்கிறது, சிரித்துக்கொண்டே அலறுகிறேன்.

"என்னங்க, இதை எப்படி நிறுத்தறது?"

"இப்ப எதுக்கு நிறுத்தணும்?" என்கிறார்.